முள்ளும் ஒரு சாட்சியே

காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் தாய் முதலில் கையை வைத்துப் பார்க்கிறாள். பிறகுதான் வெப்பமானியைத் தேடுகிறாள். கையும் கருவியும் ஒன்றையே சொன்னால் கவலையில்லை. கை ‘சுடுகிறது’ என்றும், கருவி ‘ஒன்றுமில்லை’ என்றும் சொல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது. எதை நம்புவது? இந்தக் கேள்வியை நான் முதன்முதலாகச் சந்தித்தது இயற்பியல் வகுப்பில் அன்று. பழவேற்காட்டு ஏரிக்கரையில் உப்புக் காற்றில் நின்றிருந்த ஒரு பழைய அம்பாசிடர் காரில்.

எங்கள் ஊர் பசியாவரம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியான பழவேற்காட்டு ஏரியின் மீனவச் சிற்றூர்களுள் ஒன்று. நான் சொல்லப்போகும் ஆண்டுகளில் எங்கள் ஊருக்குப் படகே வழி. ஆகவே என் தாய்மாமனின் கார் ஊருக்குள் வந்ததே இல்லை. அக்கரையில், பழவேற்காட்டில், ஒரு வேப்பமரத்தடியில் நிற்கும். மாமா ஏரியில் வலை வீசியவர். கையில் அடிபட்டு வலை இழுக்க முடியாமற் போனபின், ஊராரிடம் நண்டும் இறாலும் வாங்கிப் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். அதற்காக 2015இல் வாங்கியதுதான் அந்தக் கார்.

அம்பாசிடரைப் பற்றி நம் தலைமுறைக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதைச் செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அந்த உற்பத்தி 2014இல் நின்றது. அமைச்சர்களும் ஆட்சியர்களும் ஏறிச் சென்ற வண்டி எங்கள் மாமாவிடம் வந்தபோது, பல கை மாறி, பல பட்டறை கண்டு, முகப்புப் பலகையில் இருந்த மீட்டர்கள்கூட யாரோ எப்போதோ மாற்றிப் பொருத்தியவையாக இருந்தன. பின்னிருக்கை இருந்த இடத்தில் நண்டுக் கூடைகள். அவற்றிலிருந்து ஏரி நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒல்லாந்தர் 1613இல் இங்கே கோட்டை கட்டிய நாள்முதல் இந்த ஊரின் காற்று இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. காருக்கு மட்டும் விலக்கு உண்டா?

அந்த முகப்புப் பலகையில் பெட்ரோல் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறு முள். ஓட்டுநர்கள் ‘ஹீட் மீட்டர்’ என்பார்கள். இடக்கோடியில் குளிர்; வலக்கோடியில் சிவப்பு. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் எவ்வளவு சூடாயிருக்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்வதே அதன் வேலை. இந்தச் சிறு முள் எங்கள் குடும்பத்தில் இரண்டு முறை பொய் சொன்னது. முதல் பொய் ஓர் உயிரோடு விளையாடப் பார்த்தது. இரண்டாவது பொய் ஒரு குடும்பத்தின் பிழைப்போடு.

முதல் நிகழ்ச்சி 2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில். நள்ளிரவில் எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்குப் பேறுகால வலி கண்டது. படகில் அக்கரை சேர்த்தோம். பொன்னேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அவசர ஊர்தி வேறொரு நோயாளியை ஏற்றிச் சென்றிருந்தது. மாமா தம் காரை எடுத்தார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழி. திருப்பாலைவனத்தை நெருங்கும்போது எஞ்சின் தடதடவென்று அடித்து, மூச்சு வாங்கி, நின்றுவிட்டது. பானட்டைத் திறந்தால் ஆவி. அடிப்புறத்து ரப்பர்க் குழாய் விரிசல் விட்டுத் தண்ணீர் முழுவதும் வழியிலேயே ஒழுகியிருந்தது. ஆனால் முள்? அது நடுவில், ஒன்றும் அறியாத பிள்ளைபோல் அமைதியாக நின்றிருந்தது! பின்னால் வந்த ஒரு மீன் வண்டிக்காரர் அக்காவை ஏற்றிச் சென்றார். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் மாமாவின் மனத்தில் அந்த முள்ளின்மேல் ஆறாத கோபம் விழுந்துவிட்டது.

“முள்ளு பொய் சொல்லும் பாப்பா, கையி பொய் சொல்லாது” என்பார். அன்றிலிருந்து ரேடியேட்டரின் மேல்தொட்டியைத் தொட்டுப் பார்த்தே வண்டி ஓட்டினார்.

அப்போது நான் பள்ளி மாணவி. ‘தண்ணீரே இல்லாமல் எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் எப்படி அமைதியாக இருந்தது?’ என்ற கேள்வி என்னை விடவில்லை. விடை பின்னாளில் கிடைத்தது. எஞ்சின் தலைப்பகுதியில், நீர் ஓடும் வழியில், கட்டைவிரல் அளவில் ஓர் உணரி திருகப்பட்டிருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் குறைகடத்திப் பொருள் ஒரு விந்தையான குணம் உடையது. உலோகக் கம்பி சூடானால் மின்தடை கூடும். இதற்கோ சூடு ஏற ஏற மின்தடை குறையும். மின்தடை குறைந்தால் மீட்டருக்குள் கூடுதல் மின்னோட்டம் பாயும். அந்த மின்னோட்டம் மீட்டருக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி வளைக்கும். பட்டை வளைய வளைய முள் வலப்பக்கம் நகரும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. உணரியின் மூக்கு தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் வடிந்துவிட்டால் அது வெறும் ஆவியையும் காற்றையும்தான் தொடும். தண்ணீரைப் போல அவை சூட்டை அதற்குக் கொடுப்பதில்லை. அன்றிரவு முள் பொய் சொல்லவில்லை என்றுகூடச் சொல்லலாம். தான் தொட்டதைச் சொன்னது. ஆனால் தொட வேண்டியது அங்கே இல்லை.

இந்தக் குறை எங்கள் காரோடு பிறந்ததன்று. கார்களின் இளமைக் காலத்தில் வெப்பங்காட்டி ஓட்டுநரின் முன்னால் இருக்கவில்லை. ரேடியேட்டரின் மூடிமேல் வெளியே நின்றது. அமெரிக்காவில் 1912இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் அப்படிப்பட்டது. ஓட்டுநர் கண்ணாடி வழியே அந்தச் சிறு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அது அளந்தது தண்ணீருக்கு மேலுள்ள ஆவியின் சூட்டை. பின்னர் வந்தது குழாய் வகை: ஈதர் போன்ற எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த ஒரு குமிழ் எஞ்சினுக்குள், அதிலிருந்து மயிரிழைச் செப்புக் குழாய் மீட்டர்வரை. சூட்டால் குழாயில் அழுத்தம் ஏறும், மீட்டருக்குள் வளைந்த உலோகக் குழாய் ஒன்று அந்த அழுத்தத்தால் நிமிரும், முள் நகரும். அந்த வளைகுழாய் பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்றது. பழைய கார் வைத்திருப்போர் இதை நினைவில் வைக்க வேண்டும்: உங்கள் மீட்டருக்குப் பின்னால் வருவது மின்கம்பியா, செப்புக் குழாயா என்று முதலில் பாருங்கள். செப்புக் குழாயானால் அதை வெட்டவோ மடக்கவோ கூடாது. உடைந்தால் உள்ளிருக்கும் ஈதர் போய்விடும். முள் எழவே எழாது.

இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டு, நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. மாமாவின் காரில் அந்த முள் திடீரென்று சிவப்புக்கு ஏறத் தொடங்கியது. புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டர் போவதற்குள் வலக்கோடி. முள்ளை நம்பமாட்டேன் என்று நான்கு ஆண்டுகள் சொல்லிவந்த மாமா, இப்போது அதை அப்படியே நம்பினார். மனித மனம் விசித்திரமானது. நல்ல செய்தி சொல்லும் சாட்சியைச் சந்தேகிக்கும், கெட்ட செய்தி சொல்லும் சாட்சியைக் கும்பிடும். “அன்னிக்கு வெந்த எஞ்சின் பாப்பா, இப்பத்தான் வேலையக் காட்டுது” என்றார்.

ஒரு பட்டறையில் காட்டினார். அவர்களும் முள்ளையே பார்த்தார்கள். ‘ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், வேலை பெரிது’ என்று 35,000 ரூபாய் மதிப்புச் சொன்னார்கள். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். முள் சிவப்பில் நின்றால் அனுபவமுள்ள எவரும் அப்படித்தான் நினைப்பார். ஆனால் 35,000 ரூபாய் எங்களுக்கு எளிய தொகையன்று. அத்தையின் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதா, காரைப் பழைய இரும்புக்குப் போடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. கார் போனால் நண்டு வியாபாரம் போயிற்று. அடகு வைத்தால் அந்தச் சங்கிலி திரும்பி வருமென்ற நம்பிக்கை அத்தைக்கு இல்லை.

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே மருந்துக்குப் போக வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு. நாங்களோ நோயை அறியாமலே அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தேடிக்கொண்டிருந்தோம்! எஞ்சின் சூடாகிறது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்த முள். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. ஆவி இல்லை. எண்ணெயில் வெண்மை கலக்கவில்லை. ஒரே சாட்சியை வைத்துத் தூக்குத் தண்டனை விதிக்கலாமா? அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாவா?

என் துறை ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கையால் பார்த்தது போதாது, 60 டிகிரிக்கு மேல் எல்லாமே கைக்கு ஒரே நெருப்புத்தான். 80க்கும் 105க்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது. அளந்து பாரம்மா” என்று ஆய்வுக்கூடத்திலிருந்து 110 டிகிரிவரை காட்டும் வெப்பமானி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கொரோனா காலத்தில் கடைதோறும் நெற்றிக்கு நீட்டினார்களே, அந்தக் கருவி இதற்கு உதவாது. மனித உடலின் சூட்டுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது.

ஒரு சாட்சியைச் சோதிக்க இன்னொரு சாட்சியை அழைக்கிறோம் என்றால், அந்த இரண்டாவது சாட்சி யோக்கியமானதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதற்கு எங்கள் ஊரைப்போல் வசதியான இடம் வேறில்லை. மீன் பெட்டிக்கு வாங்கிய பனிக்கட்டியில் உப்புப் படாத துண்டைப் பொடித்து, அது உருகும் நீரில் வெப்பமானியை வைத்தேன், சுழியைக் காட்டியது. உப்புப் பட்ட பனிக்கட்டியானால் சுழிக்கும் கீழே போயிருக்கும். பிறகு அத்தையின் அடுப்பில் கொதிக்கும் நீர், சரியாக 100. உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எங்கள் ஊரோ கடல் மட்டத்திலேயே இருக்கிறது. திருத்தம் எதுவும் தேவையில்லை.

மறுநாள் காலை, எஞ்சின் முழுவதும் ஆறியிருந்தபோது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெப்பமானியைக் கழுத்துக்குள் இறக்கிக் கட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்பினோம். இந்த வரிசை முக்கியம். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ்த் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரிவரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த மறுகணம் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

வெப்பமானி மெல்ல ஏறியது. 50, 60, 70. எண்பதைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் சுழலத் தொடங்கியது தெரிந்தது. 84இல் நின்றது. அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டும் அதற்கு மேல் ஏறவில்லை. அந்நேரம் முகப்பில் ஹீட் மீட்டர் முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா வெப்பமானியைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மீண்டும் வெப்பமானியைப் பார்த்தார். “அப்ப எஞ்சினு நல்லாத்தான் கீதா?” என்று கேட்டார். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன்.

எஞ்சின் குற்றமற்றது என்று தீர்ந்தது. இனி முள் ஏன் பொய் சொல்கிறது என்று காண வேண்டும். அப்போதுதான் பக்கத்து மீட்டரைப் பார்த்தேன். டாங்கியில் பாதிப் பெட்ரோல்கூட இல்லை. பெட்ரோல் முள்ளோ நிறைந்த டாங்கியைக் காட்டியது. இரண்டு மீட்டர்கள் ஒரே நாளில் ஒரே திசையில் பொய் சொன்னால், இருவருக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்க வேண்டும். அந்தப் பொதுவானது, முகப்புப் பலகையின் பின்னே இருக்கும் ‘ஸ்டெபிலைசர்’ என்னும் தீப்பெட்டி அளவிலான தகரப் பெட்டி. பேட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட்; எஞ்சின் ஓடும்போது 14 வரை ஏறும். இந்த ஏற்ற இறக்கம் முள்ளை ஆட்டாதிருக்க, அந்தப் பெட்டி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பிச் சராசரி 10 வோல்ட்டாகக் கொடுக்கிறது. விட்டு விட்டு அனுப்ப அதன் உடல் காரின் உடலோடு மின்தொடர்பு கொண்டிருக்க வேண்டும். அதுதான் ‘எர்த்’. அந்த எர்த் அறுந்தால் பெட்டி விட்டுக்கொடுப்பதை நிறுத்திவிட்டு முழு மின்னழுத்தத்தையும் அப்படியே அனுப்பும்.

கணக்குப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குப் பதில் 14. சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 1.4ஐ 1.4ஆல் பெருக்கினால் 1.96. மீட்டருக்குள் இருக்கும் பட்டை ஏறத்தாழ இருமடங்கு சூடாகிறது! நடுவில் நிற்க வேண்டிய முள் சிவப்புக்கு ஓடாமல் என்ன செய்யும்? தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த ஜூல் விதி, அத்தையின் கழுத்துச் சங்கிலிவரை வந்து நின்றது.

பலகையைத் தளர்த்திப் பார்த்தோம். பெட்டியைப் பிடித்திருந்த திருகாணி உப்பில் அரித்துச் செந்துருவாகப் பூத்திருந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். ஒழுங்கான பெட்டியானால் எண்கள் குதித்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே அசையாமல் முழு மின்னழுத்தம். துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, புதுத் திருகாணி போட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை வண்டி உடலின் சுத்தமான இரும்புக்கு இழுத்துக் கட்டினோம். எண்கள் குதிக்கத் தொடங்கின. இரண்டு முட்களும் மெல்ல மெல்ல இறங்கித் தத்தம் இடத்தில் அமர்ந்தன. செலவு, கம்பியும் திருகாணியும் உப்புத்தாளுமாக நூறு ரூபாய்க்குள். சங்கிலி அத்தையின் கழுத்திலேயே இருந்தது.

இதைப் படிக்கும் நண்பர்களில் வீட்டில் பழைய கார் உடையோர் சிலர் இருக்கலாம். அவர்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்கிறேன். முள் எழவே இல்லையா? உணரிக்குப் போகும் கம்பியைக் கழற்றி ஒரு நொடி எஞ்சின் இரும்பில் தொடச் செய்யுங்கள். முள் எழ முயன்றால் மீட்டரும் கம்பியும் நலம், குற்றம் உணரியில். எழாவிட்டால் குற்றம் கம்பியில் அல்லது மீட்டரில். நெடுநேரம் தொடவிடக் கூடாது, மீட்டர் கருகிவிடும். முள் எப்போதும் வலக்கோடியிலேயே நிற்கிறதா? கம்பியைக் கழற்றிப் பாருங்கள். இறங்கினால் உணரி கெட்டிருக்கலாம். இறங்காவிட்டால் கம்பி வழியில் எங்கோ தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது. புது உணரி போட்டபின் முள் குறைவாகக் காட்டுகிறதா? ஒழுகாதிருக்கத் திருகில் வெள்ளை நாடா சுற்றியிருப்பார்கள். அது எர்த்தைத் தடுக்கும். உணரியை ஐயுற்றால் கழற்றி, மின்தடையை அளந்துகொண்டே தண்ணீரில் வைத்துச் சூடேற்றுங்கள். சூடு ஏற ஏற ஓம் ஒழுங்காக இறங்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் அதே பாத்திரத்தில் போட்டு, எண்பதை ஒட்டித் திறக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

வெப்பமானியும் முள்ளோடு சேர்ந்து ‘சூடுதான்’ என்றால் எஞ்சினை நம்ப வேண்டும். அப்போதும் எளியதிலிருந்து தொடங்குங்கள்: தண்ணீர் அளவு, குழாய்கள், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் இடுக்குகளில் தூசி, மூடி, கடைசியில்தான் ஹெட் கேஸ்கட். எங்கள் கரையோரத்தாருக்குத் தனியாக ஒன்று: ஆத்திரத்துக்கு ஏரித் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உப்பு உள்ளேயே படிந்து வழியை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். வண்டியில் எப்போதும் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். திருப்பாலைவனத்து இரவுக்குப்பின் மாமா அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

நாம் ஆய்வுக்கூடத்தில் வெர்னியரைக் கையில் எடுத்ததும் சுழிப்பிழை பார்க்கிறோம். பதிவேட்டில் ‘சுழிப்பிழை இல்லை’ என்று பழக்கத்தால் எழுதிவிட்டு மேலே போகிறவர்களும் உண்டு. அந்த ஒரு வரி எதற்கு என்று வகுப்பில் எனக்கு விளங்கியதில்லை, இப்போது விளங்குகிறது. கருவியை வணங்கவும் வேண்டா, வெறுக்கவும் வேண்டா. அதை விசாரிக்க வேண்டும். ஒரு முள் சொன்னதை விசாரியாமல் நம்பினால் ஒரு குடும்பத்தின் சங்கிலி போகும். அமைதியாக நிற்கிறதே என்று விசாரியாமல் இருந்தால், நள்ளிரவில் நடுவழியில் ஓர் உயிர் தவிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது 110 டிகிரிவரை காட்டும் ஒரு கண்ணாடிக் குச்சியும், அதைப் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் வைத்துப் பார்க்கும் பொறுமையுமே. அந்தப் பொறுமையைத்தான் நம் ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆய்வு வகுப்பிலும் நமக்குத் தர முயல்கிறார்கள். பெற்றுக்கொள்வோம்.